பேரேட்டில் எழுதாமல் விட்ட மாத்திரைகள்

"என்றைக்கு ஆரம்பித்தது, சேச்சி?" என்று அந்த டாக்டர் மலையாளத்தில் ஒரு முறையும் தமிழில் இரண்டு முறையும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருடமாகக் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். எந்த விவசாயி எந்தத் தேதியில் எத்தனை கிலோ காய் போட்டார், முன்பணம் எவ்வளவு வாங்கினார் என்று பேரேட்டைத் திறக்காமலே சொல்வேன். என் நெஞ்சு தாளம் தப்பிய நாள் மட்டும் எந்த நோட்டிலும் இல்லை. "ஒரு வாரம் இருக்கும். இல்லை, பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

2022 ஆடி மாதம். மலையில் மழையும் காற்றும் விடாமல் அடித்த வாரங்கள். கம்பத்தில் பஸ் ஏறி, கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலைச்சாலையில் வளையும்போது நெஞ்சுக்குள் ஏதோ படபடக்கும். கூடைக்குள் அடைத்த கோழி சிறகடிப்பதுபோல் என்று சொன்னால் சரியாக இருக்கும். பஸ் குலுக்கல் என்று நினைத்தேன். பிறகு கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் வந்தது. வாயுக்கோளாறு என்று ஓமத்தண்ணீர் குடித்தேன். மருந்துக்கடையில் வாயு மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மதினி, "உனக்கு 51 வயது, தீட்டு நிற்கிற காலத்தில் இப்படித்தான் இருக்கும்" என்றார். அது எனக்கும் வசதியாக இருந்தது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் திருப்பூரில், அப்போது கைக்குழந்தையோடு இருந்தாள். நோய் என்று ஒன்று வந்தால் யாரிடம் சொல்வது என்ற கேள்வியும் கூடவே வரும். அதனால் வாயுக்கோளாறு என்பதையே பிடித்துக்கொண்டேன்.

இப்போது யாராவது "படபடக்கிறது" என்று சொன்னால் நான் முதலில் அவர்கள் மணிக்கட்டைப் பிடிக்கிறேன். கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி இரண்டு விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது போதாது. முழு நிமிடமும் எண்ண வேண்டும். வேகத்தைவிட முக்கியம், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரம் சமமாக இருக்கிறதா என்பது. எனக்கு அது, அவரவர் இஷ்டத்துக்குப் படியேறுகிற ஒரு கூட்டத்தின் காலடிச் சத்தம் போலிருந்தது. இரண்டு துடிப்பு நெருக்கி, ஓர் இடைவெளி, பின் மூன்று, பின் ஒன்று. ஓமத்தண்ணீருக்குப் பதிலாக நாடியை எண்ணியிருந்தால் அன்றைக்கே தேதி போட்டிருப்பேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, கடை மாடிப்படியில் பாதி ஏறியதும் மூச்சு நின்றுவிட்டது போலாகி உட்கார்ந்துவிட்டேன். முதலாளி பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இ.சி.ஜி. எடுத்தவர், "நிமிடத்துக்கு 156, ஒழுங்கே இல்லை, இங்கே வைத்திருக்க முடியாது" என்றார். தேனிப் பக்கம் இறங்குவதா, கோட்டயம் பக்கம் போவதா என்று இரண்டு நிமிடம் பேச்சு. முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் கோட்டயம் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்ததால் ஜீப் அந்தப் பக்கம் திரும்பியது. வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம், முண்டக்கயம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல், வளைவுக்கு வளைவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனேன். ஜீப் வாடகை 5,000. இந்த முடிவு பின்னால் இன்னொரு வகையில் விலை வைத்தது. வைத்தியம் ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில் என்றால் இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் சேர்த்துப் பார்க்க நடுவில் யாரும் இல்லை.

நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை வெறுமனே நடுங்கும். அத்தனையும் கீழ் அறைகளுக்கு இறங்கினால் ஆள் பிழைக்க முடியாது. நடுவில் இருக்கும் ஒரு கணு, குமுளி செக்போஸ்ட்டில் லாரியை ஒவ்வொன்றாக விடுவதுபோல, சிலவற்றை மட்டும் கீழே அனுப்பும். அதனால்தான் நாடி தாறுமாறாக இருக்கிறது. நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ பார்த்தபோது காரணமும் தெரிந்தது. இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு ஓரளவு சுருங்கியிருந்தது. டாக்டர், "சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள் நான். பதினோரு வயதில் முழங்கால், பிறகு கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று வீக்கம் மாறி மாறி வந்தது. 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டார்கள். இருபது வயதில் கல்யாணம் ஆனதும், புகுந்த வீட்டில் இதையெல்லாம் சொல்வானேன் என்று அம்மாவும் நானும் பேசி வைத்து ஊசியை நிறுத்திவிட்டோம். அப்போது எங்களுக்கு அது மூட்டு வியாதி. இதயத்தைக் காக்கத்தான் ஊசி என்று யாரும் சொல்லவில்லை. சொன்னது எங்களுக்குப் புரியாமலும் போயிருக்கலாம்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். தாளம் தப்பி 48 மணி நேரம்கூட ஆகவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், பலருக்கு உடனே மின்னதிர்ச்சி கொடுத்தோ மருந்து ஏற்றியோ தாளத்தைத் திருப்பிவிடலாம் என்று அங்கே சொன்னார்கள். தெரியாவிட்டால், உள்ளே கட்டி இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நடுக்கம் நின்று அறை திடீரென்று சுருங்கினால் கட்டி கிளம்பிவிடும். ஆகவே மூன்று வாரம் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிட்ட பிறகு திருப்ப வேண்டும். அல்லது உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்துக் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எனக்கு வால்வு சுருங்கியிருந்ததால் தேதி தெரிந்திருந்தாலும் இந்தச் சோதனை தேவைப்பட்டிருக்கும் என்று பின்னால் அறிந்து கொஞ்சம் ஆறுதல் பட்டேன். வால்வு நன்றாக இருக்கிறவர்கள் அந்த ஆறுதலை எதிர்பார்க்க வேண்டாம். தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

அந்த எக்கோ பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் தனியாகப் போனவளுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்து மரத்துப்போகச் செய்தார்கள். பல்லுக்கிடையில் ஒரு பிளாஸ்டிக் வளையம். ஆள்காட்டி விரல் பருமனுள்ள குழாயை விழுங்கச் சொன்னார்கள். கண்ணில் நீர் வழிய, யார் கையையோ இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த நர்ஸ் "பேடிக்கேண்டா சேச்சி, பேடிக்கேண்டா" (பயப்பட வேண்டாம் அக்கா) என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. கட்டி இல்லை.

அடுத்து, மின்னதிர்ச்சியா மருந்தா என்றார்கள். சம்மதக் கையெழுத்துப் போட உறவினர் யார் என்று கேட்டபோது, முதலாளியும் கிளம்பிப் போய்விட்டிருந்தார். மருந்தே போதும் என்றேன். பயம்தான் காரணம், அறிவு இல்லை. மயக்கம் கொடுத்துச் செய்கிற அந்த மின்னதிர்ச்சி சில நிமிட வேலை என்பதை இன்று தெரிந்திருக்கிறேன். அமியோடரோன் என்ற மருந்தை இடது முன்கையில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மறுநாளே அந்த நரம்பு சிவந்து, தாம்புக்கயிறு போல இறுகி, தொட்டால் உயிர் போகும் வலி. அந்த மருந்து கைநரம்பை எரிப்பது உண்டாம். எரிகிறது என்று உடனே சொன்னால் ஊசியை இடம் மாற்றுவார்கள். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நான் இரவு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அந்தத் தழும்பு ஆறு வாரம் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு, மணி இரண்டே முக்கால் இருக்கும். தூக்கம் இல்லை. தலைமாட்டு மானிட்டரின் சத்தம் திடீரென்று மாறியது. டிக், டிக், டிக் என்று எங்கள் வீட்டுப் பழைய தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. நர்ஸ் ஓடி வந்து திரையைப் பார்த்துச் சிரித்தாள். நான் அழுதேன். அப்போதுதான் மகளுக்குப் போன் செய்தேன். "இப்போது சொல்கிறாயே அம்மா" என்று அவளும் அழுதாள். அவளைக் கலங்க வைக்காமல் பார்த்துக்கொண்டேன் என்று பெருமைப்பட்டிருந்தது, அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோயிற்று.

ஐந்து நாள் பில் 74,000. காப்பீடு எதுவும் இல்லை. தாலிச் செயினைத் தவிர மற்றதை அடகு வைத்தேன். வெளியே வரும்போது மூன்று மாத்திரைகள்: அமியோடரோன் 200 மி.கி. முதல் வாரம் தினம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்று. வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால். ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமரால். புதிய வகை உறையாமை மருந்துகளுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் என்னைப்போல மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு ஓரளவோ அதிகமாகவோ சுருங்கியவர்களுக்குப் பழைய வகைதான் பாதுகாப்பு என்றார்கள். அதற்கு, ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை. எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2-க்குக் கீழே போனால் கட்டி, 3-க்கு மேல் ஏற ஏற ரத்தக்கசிவு.

ஒரு வாரம் கழித்துக் கம்பத்தில் பார்த்தேன்: 2.3. வெற்றி பெற்றவள் போல ரசீதை மடித்து வைத்தேன். காய் எடுப்பு தொடங்கியிருந்தது. கடையில் வேலை குவிந்திருந்தது. அடுத்து நான்கு வாரம் பார்க்கவே இல்லை. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் கடினம் என்று நினைத்தேன். பஸ் கம்பியில் தொடை இடித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நாவல்பழ நிறம் பரவியது. மதினி பார்த்து, "யாராவது அடித்தார்களா?" என்று கேட்ட பிறகுதான் ஓடினேன். 6.9. லேப் பையன் இரண்டாவது முறை ரத்தம் எடுத்துச் சரிபார்த்தான்.

தேனியில் பார்த்த டாக்டர் விளக்கினார். அசினோகூமராலை உடைத்து வெளியேற்றுகிற கல்லீரல் வேலையை அமியோடரோன் தடுக்கிறது. ஆகவே அதே அளவு மாத்திரை, உடம்பில் கூடுதல் அளவாக நிற்கிறது. அது ஒரே நாளில் நடப்பதில்லை. வாரக்கணக்கில் மெல்ல ஏறும். முதல் வாரத்தின் 2.3 என்னை ஏமாற்றியது அப்படித்தான். அமியோடரோன் புதிதாகத் தொடங்கினால், அளவு குறைத்து நிலைநிற்கும் வரை வாரம் ஒரு முறை ஐ.என்.ஆர். பார்த்தே ஆக வேண்டும். மருந்தை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்தார். டிஸ்சார்ஜ் காகிதத்தில் இதுவும் எழுதியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மூன்றாம் பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். கடைக்கு வரும் ஒப்பந்தங்களில் பொடி எழுத்தைத்தான் நான் முதலில் படிப்பேன்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கீரையே தொடக்கூடாது என்றார் ஒருவர். அப்படி இல்லை. கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். ஆகவே ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று இருந்தால்தான் எண் ஆடும். அளவாக, ஒரே மாதிரி சாப்பிடலாம். கீரையைவிட ஆபத்து, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை; அது ரத்தக்கசிவைக் கூட்டும். என் கைப்பையில் எப்போதும் இரண்டு டைக்ளோஃபினாக் கிடக்கும். அதையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன் என்பதை அந்த டாக்டரிடம் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை, அதை நான் மருந்து என்றே நினைக்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்தது முழுக்க முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடியது. தேனி டாக்டர் பழைய காகிதங்களைக் கேட்டார். அன்று கோப்பு குமுளியில், கடை அலமாரியில் இருந்தது. "படபடப்புக்கு ஒரு மாத்திரை, உறையாமைக்கு ஒன்று, இன்னொன்று" என்று வாயால் சொன்னேன். நாடி கொஞ்சம் வேகம் என்று அவர் ஒரு மாத்திரை எழுதினார். வாங்கிச் சாப்பிட்டேன். அட்டை நீலம், பெயர் வேறு. கோட்டயத்தில் கொடுத்தது பச்சை அட்டை. இரண்டும் மெட்டோப்ரோலால்தான், கம்பெனி மட்டும் வேறு. ஆக, ஒரே மருந்து இரட்டை அளவு. அமியோடரோனும் தன் பங்குக்கு வேகத்தைக் குறைக்கும். மூன்று வாரம் கால் கனத்து, தலை கிறுகிறுத்து, இது குணமாகிற களைப்பு என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். நவம்பரில் ஒரு நாள் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை சொல்லிக்கொண்டிருந்தவள், அடுத்துக் கண் விழித்தது ஏலக்காய்ச் சாக்குகளின் மேல். நெற்றி விளிம்பில் வெட்டு. நாடி 38.

ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், காயம் சின்னது என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உள்ளே கசிவது வெளியே தெரியாது. சி.டி. ஸ்கேன், இரண்டு நாள் கண்காணிப்பு, எல்லாம் சேர்த்து 21,500. கசிவு இல்லை; தப்பித்தேன். காரணத்தைக் கண்டுபிடித்தது எந்தப் பெரிய டாக்டரும் அல்ல. ஊர் திரும்பி மருந்து வாங்கப் போனபோது, குமுளி மருந்துக்கடையில் இருக்கும் இளம்பெண் இரண்டு அட்டைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அக்கா, இந்த எழுத்தைப் படியுங்கள். இந்த அட்டையிலும் அதே எழுத்துதானே?" என்று கேட்டாள். மருந்தின் உண்மைப் பெயரை நான் அன்றுதான் படித்தேன். இரண்டையும் படித்துவிட்டுக் கடைக்குள்ளேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை ஒரு புதிய பேரேடு வாங்கினேன். கடைக்கு வாங்கும் அதே நீளக் கணக்குநோட்டுதான். இடப்பக்கம் மருந்தின் உண்மைப் பெயர், கம்பெனிப் பெயர், மி.கி., எத்தனை வேளை, யார் எழுதியது, எந்தத் தேதியில் தொடங்கியது. வலப்பக்கம் காலை நாடி, ஐ.என்.ஆர்., மற்ற பரிசோதனைகள். எந்த டாக்டரைப் பார்த்தாலும் வாயால் சொல்வதில்லை. நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்துவிடுவேன். புது மருந்து எழுதினால், "இது பழையதற்குப் பதிலா, பழையதோடு சேர்த்தா?" என்று கேட்பேன். முதலில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். மழைக்காலத்தில் தொண்டை கட்டியபோது அஸித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கேட்டு அதே மருந்துக்கடைக்குப் போனேன். அந்தப் பெண் நோட்டைப் பார்த்துக் கொடுக்க மறுத்துவிட்டாள். அமியோடரோனோடு அது சேர்ந்தால் இதயத்தின் மின்னோட்டம் நீண்டு வேறொரு ஆபத்தான தாளத்தில் கொண்டுபோய் விடலாமாம். டாக்டரிடம் கேட்டு வேறு மருந்து வாங்கினேன்.

நோட்டு வைத்த பிறகும் ஒன்று தவறியது. அதற்குப் பத்தியே போடவில்லை. 2023 மாசி மாதத்தில் எனக்கு எப்போதும் குளிர்ந்தது. குமுளியில் குளிர்வது செய்தியா? ஸ்வெட்டர் மேல் சால்வை. ஆறு கிலோ எடை கூடியது, தலைமுடி கொத்தாக வந்தது, குரல் தடித்தது, கூட்டல் கணக்கில் தப்பு வந்தது. கணக்கில் தப்பு வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மதினி மறுபடியும் அதே வயதுக் கதையைச் சொன்னார். ஆனால் இந்த முறை நான் காத்திருக்காமல் டாக்டரிடம் போனேன். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அமியோடரோன் எத்தனை மாதமாக?" என்று கேட்டார். ஏழு. தைராய்டுக்கான டி.எஸ்.எச். 48 வந்தது. சுமார் 4-க்குள் இருக்க வேண்டியது. இந்த எண் ஏறினால் தைராய்டு மந்தமாகிவிட்டது என்று பொருள்.

200 மி.கி. அமியோடரோன் மாத்திரையில் ஏறக்குறைய 75 மி.கி. அயோடின் இருக்கிறது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். அயோடின் அத்தனையும் பிரிந்து ரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. சேர்கிற சில மில்லிகிராமே தேவையைப் போலப் பல மடங்கு. அந்த வெள்ளத்தில் சிலருக்குத் தைராய்டு மந்தமாகும், சிலருக்கு வேகமெடுக்கும். வேகமெடுத்தால் எடை இறங்கி, போன படபடப்பே திரும்பி வரும். கோப்பைப் புரட்டினால், கோட்டயத்தில் சேர்ந்த அன்றே எடுத்த டி.எஸ்.எச். 1.9 என்று இருக்கிறது. தொடங்கும் முன் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பது யார் வேலை? கோட்டயத்தில், உள்ளூரில் பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள். உள்ளூரில், மருந்து கொடுத்தவர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள். நான் மாத்திரை வாங்கிக்கொண்டே இருந்தேன்.

ஆகவே அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்: தொடங்கும் முன் தைராய்டு, கல்லீரல், மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி.; பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும் கல்லீரலும். விடாத வறட்டு இருமலோ புதிய மூச்சிரைப்போ வந்தால் சளி என்று விட்டுவிடாமல் அன்றே காட்ட வேண்டும், இந்த மருந்து நுரையீரலையும் தொடும். இரவில் எதிரே வருகிற பஸ் விளக்கைச் சுற்றி எனக்கு நீல வளையம் தெரிந்தது. கருவிழியில் மருந்து படிவதால் வருவது, பெரும்பாலும் பார்வையைக் கெடுப்பதில்லை என்று கண் டாக்டர் சொன்னார். பார்வை மங்கினால் கதை வேறு, உடனே போக வேண்டும். வெயிலில் தோல் எரியும். கம்பத்து வெயிலுக்குக் குடை பிடிக்கிறேன். இன்னொன்று, மருந்தை நிறுத்தினாலும் உடனே உடம்பை விட்டுப் போகாது. கொழுப்பில் தங்கி, வெளியேற வாரங்கள், மாதங்கள்கூட எடுக்கும். "இன்றோடு நிறுத்திவிட்டேன், நாளை முதல் எனக்கு ஒன்றும் இல்லை" என்பது இங்கே செல்லாது.

மந்தமான தைராய்டை ஈடுகட்டும் தைராக்ஸின் மாத்திரை தொடங்கினார்கள், வெறும் வயிற்றில், காலை காபிக்கு அரை மணி முன்பு. தைராய்டு சரியாகத் தொடங்கியதும் ஐ.என்.ஆர். மறுபடி மேலே போயிற்று. மந்தமாக இருந்த உடம்பு சுறுசுறுப்பானால் உறைபொருள்கள் வேகமாகத் தீர்ந்து, அசினோகூமரால் கூடுதலாக வேலை செய்யும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடுகிறது. இந்த முறை வாராவாரம் பார்த்ததால் 3.6-லேயே பிடித்துவிட்டேன்.

கோபத்தில் கோட்டயம் போய், "இவ்வளவு சள்ளை பிடித்த மருந்தை ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அந்த டாக்டர் பொறுமையாக அரை மணி நேரம் பேசினார். தாளத்தைச் சீராக்கும் ஃப்ளெகெய்னைடு போன்ற மருந்துகள் வால்வோ தசையோ கெட்ட இதயத்துக்கு ஆகாது. 1989-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இ.சி.ஜி.யில் தெரிந்த தப்புத் துடிப்புகளை அந்த மருந்துகள் அழகாக அடக்கின. ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. ஐந்தொகை அச்சுப்போலப் பொருந்தியிருக்க, கல்லாப்பெட்டி காலியாக இருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். சோட்டலால் என்றொரு மருந்து உண்டு. அதைத் தொடங்க இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும். டிகாக்ஸின் வேகத்தைக் குறைக்கும், தாளத்தைத் திருப்பாது. தாளத்தை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கட்டி வைப்பதும் ஒரு முறையான வழிதான். 2002-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், தாளத்தைத் திருப்பியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்துவிடவில்லை. 2020-ல் வந்த இன்னொன்றில், நோய் தொடங்கி ஓராண்டுக்குள் தாளத்தைத் திருப்பியவர்களுக்குப் பக்கவாதம் போன்றவை குறைந்தன. ஆள் பார்த்துத்தான் முடிவு என்றார். இதையெல்லாம் முதல் தடவையே சொல்லியிருக்கலாமே என்றேன். "அன்று சேச்சி கேட்கிற நிலையில் இல்லை" என்றார். அது உண்மை. ஆனால் ஐந்தாம் நாள் கேட்கிற நிலையில் இருந்தேன். அதையும் சொன்னேன். தலையாட்டினார்.

தாளம் நிலையாக இருப்பதால் அமியோடரோனைப் பாதியாக, 100 மி.கி.யாகக் குறைத்திருக்கிறார்கள். வால்வை வருடம் ஒரு முறை பார்க்கிறார்கள். சுருக்கம் கூடினால் பலூன் வைத்து விரிக்க வேண்டியிருக்கும். தாளம் சரியாக ஓடினாலும் உறையாமை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். தாளம் நமக்குத் தெரியாமல் தப்பி, திரும்பி வரலாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை 74,000, ஜீப் 5,000, ஐ.என்.ஆர். ஏறியபோது ஆன செலவு 3,200, விழுந்ததில் 21,500, தைராய்டு பரிசோதனையும் டாக்டரும் 6,300, ஒன்றரை மாதச் சம்பளம் 21,000. மொத்தம் 1,31,000. இதில் நடுவிலுள்ள மூன்று இனங்கள், 31,000, நோய்க்கு ஆன செலவு அல்ல. யாரும் சொல்லாததற்கும் நான் கேட்காததற்கும் ஆன செலவு. அடகு நகையில் வளையல் மட்டும் இன்னும் மீளவில்லை.

போன வாரம் காய் பொறுக்க வருகிற ஒரு பெண், மதிய நேரத்தில் முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு மாத்திரை அட்டைகளோடு வந்து நின்றாள். ஒன்று கம்பத்தில் வாங்கியது, ஒன்று குமுளியில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பினேன்.